மேல்செட்டோடு ஓடிய குட்டி

போன வார அத்தியாயத்தில் நாம் பல்செட் செய்யும் அம்மாவின் வீட்டை விட்டு வந்தபோது மகள் வேலை முடிந்து வாசலில் நின்றுகொண்டிருந்தாள். வெளியே நல்ல மழை. அவள் போட்டிருந்த டிரைவர் ஜாக்கெட் வயிற்றுப் பக்கம் புடைத்திருந்தது. புடைப்பு முனகியது.

அது ஒரு நாய்க்குட்டி என்பது அடுத்த நொடியே தெரிந்துபோயிற்று. டிப்போவில் நிறுத்தி வைத்த பஸ்ஸுக்குள், இன்ஜின் பக்கத்தில், சூட்டுக்காக ஒண்டிக்கொண்டிருந்ததாம். ஒரு காது நின்றது, மற்றொன்று படுத்திருந்தது. உடம்பெல்லாம் கிரீஸ்.

"ஒரே ஒரு ராத்திரிம்மா" என்றாள் மகள்.

அந்த ஒரே ஒரு ராத்திரி முழுக்க அது குளியலறையில் உட்கார்ந்து அழுதது. பொழுது விடிந்தபோது வீட்டில் யாருக்கும் கண் திறக்கவில்லை. அதற்கு மட்டும் இரண்டு கண்ணும் பளிச்சென்று இருந்தன.

மகளுக்கு வயது இருபத்தேழு. நெரிசல் சாலையில் கண்ணாடியை மட்டும் பார்த்துக்கொண்டு ஒரு முழு பஸ்ஸைப் பின்னுக்கு எடுக்கிறவள். ஆனாலும் வீட்டில் அவள் பெயர் இன்னும் பாப்பாதான். இந்தப் பாப்பாதான் இரண்டு வாரங்களுக்கு முன்னால் "டிப்போ பக்கத்துல ஒரு ரூம் பார்த்திருக்கேன், தனியா இருக்கலாம்னு" என்று குண்டைத் தூக்கிப் போட்டவள். அன்றிலிருந்து அம்மாவுக்கும் மகளுக்கும் பேச்சு அளவாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

இன்று காலை அந்த அளவும் மீறிப்போயிற்று.

"இங்க பாரு பாப்பா. நாய் இருக்கிற வீட்ல பல்லு செஞ்சு குடுக்க முடியாது. ஒரு முடி விழுந்தா போதும், என் பேரு போச்சு."

"அதுக்கு முடியே இல்லம்மா. பாரு, பாதி எலி மாதிரி இருக்கு."

"எலின்னாலும் வெளியதான்."

தெருவில் எல்லாரும் அம்மாவைப் பல்செட்டம்மா என்றுதான் சொல்வார்கள். வீட்டின் பின்னறைதான் அவளுடைய பட்டறை. டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அந்த அச்சை வைத்துக்கொண்டு அவள் மெழுகில் ஈறு வடித்து, பல் அடுக்கி, கடைசியில் ஒரு முழுச் சிரிப்பாகத் திருப்பி அனுப்புவாள். வேலையில் படு சுத்தம். அவளைத் தவிர யாரும் அந்த அறைக்குள் செருப்போடு போனதில்லை. கணவர் போனதே இல்லை.

"சாயங்காலம் நான் வரும்போது இது இங்க இருக்கும்ல?" என்றாள் பாப்பா, ஷூ கயிற்றை முடிந்துகொண்டே.

"இருக்காது. யாராவது நல்லவங்களாப் பார்த்துக் குடுத்துடுவேன்."

"அம்மா!"

"நல்லவங்களாப் பார்த்துன்னு சொன்னேன்ல."

பாப்பா கயிற்றை முடிந்துவிட்டு நிமிர்ந்தாள். பிறகு குனிந்து குட்டியின் படுத்த காதை ஒருமுறை நிமிர்த்திவிட்டு, படியிறங்கிப் போய்விட்டாள். காது மறுபடியும் படுத்துக்கொண்டது.

குட்டியைக் குளியலறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு அம்மா பட்டறைக்குள் நுழைந்தாள். தலைக்கு மேல் வேலை. ஒரு மேடை நடிகருக்கு மேல்செட்டும் கீழ்செட்டும். வழக்கமாக டாக்டர் வழியாகத்தான் செட் போகும். டாக்டர் விடுப்பில் இருந்தார், நடிகருக்கோ இன்று மாலையே நாடகம். நீதிபதி வேஷம். பழைய செட்டு தொலைந்துபோய், வாய் குழிந்து, பேச்செல்லாம் காற்றாகப் போகிறது. "மதியம் நானே வந்து வாங்கிக்கிறேம்மா, நீங்கதான் காப்பாத்தணும்" என்று போனில் கெஞ்சியிருந்தார்.

குளியலறையிலிருந்து அழுகை தொடங்கியது. முதலில் மெல்லிசாக. பிறகு யாரோ கதவிடுக்கில் மாட்டிக்கொண்ட மாதிரி.

அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்து பார்த்தாள். முடியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துபோனாள். செயற்கைப் பற்கள் வந்த அட்டைப்பெட்டியில் ஒரு பழைய துண்டைப் போட்டு, அதற்குள் குட்டியை வைத்து, பட்டறையிலேயே ஒரு மூலையில் கொண்டுவந்து இறக்கினாள்.

"சத்தம் வந்தா உடனே வெளிய."

சத்தம் வந்தது. அவள் பாலிஷ் மோட்டாரைப் போட்டாள். மோட்டார் 'உர்ர்ர்' என்றதுதான் தாமதம், குட்டி அழுகையைப் பாதியில் விட்டுவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டு படுத்தது. இன்ஜின் பக்கத்தில் தூங்கிப் பழகிய பிள்ளை. மோட்டாரை நிறுத்தினால் தலை நிமிரும். போட்டால் சாயும்.

"நல்ல கூத்து" என்று சொல்லிக்கொண்டாள். ஆனால் வேலை ஓடியது. செட்டு இரண்டையும் கண்ணாடி மாதிரி மினுக்கி, கழுவி, ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். மேசையில் இடமில்லை. கிண்ணத்தைப் பக்கத்திலிருந்த குட்டை முக்காலியில் வைத்தாள்.

அப்போது வாசலில் மணி அடித்தது. அச்சு வார்க்கும் பிளாஸ்டர் மூட்டை வந்திருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு எழுந்துபோனாள். கையெழுத்துப் போட்டு, மூட்டையை உள்ளே இழுத்து, ஓரமாகச் சாத்தி வைத்துவிட்டுத் திரும்பினால், அட்டைப்பெட்டி காலி. முக்காலியைச் சுற்றித் தண்ணீர். கிண்ணத்தில் கீழ்செட்டு மட்டும் கிடந்தது.

அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

சரியாக அதே நேரம் வெளிக்கதவைத் திறந்துகொண்டு கணவர் வந்தார். ஆஸ்பத்திரிச் சமையல்கூடத்தில் தலைமைச் சமையல்காரர். விடிந்ததும் போய் மதியம் திரும்புகிறவர். வார்டு வார்டாக உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து ஆளுக்கும் ஒரு நிதானம் வந்துவிட்டது, எதற்கும் பதற மாட்டார்.

கூடத்தின் நடுவே குட்டி நின்றிருந்தது. மேல்செட்டைப் பல்வரிசை வெளியே தெரியும்படி கவ்விக்கொண்டு, வாயெல்லாம் பல்லாக அவரைப் பார்த்தது. அச்சு அசல் ஒரு மனிதச் சிரிப்பு. கல்யாண வீட்டு வாசலில் நின்று 'வாங்க வாங்க' என்று வரவேற்கிறவரின் சிரிப்பு.

கணவர் அதைப் பார்த்தார். கையிலிருந்த பை நழுவியது. கதவின் கைப்பிடியைப் பிடித்தபடியே அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு முதலில் சத்தமில்லாமல் தோளில் மட்டும் குலுங்கியது, பிறகு கண்ணிலிருந்து தண்ணீராகக் கொட்டியது.

"சிரிக்காதீங்க! கதவைச் சாத்துங்க! கதவு, கதவு!"

"ஏம்மா... இது... யாரோட பல்லு?"

"கதவுங்க!"

அவர் சாத்துவதற்குள் குட்டி அவருடைய காலைத் தாண்டி வெளியே பாய்ந்துவிட்டது. மாடிப்படியில் இறங்கத் தெரியவில்லை. முதல் படியில் வழுக்கி, கத்துவதற்காக வாயைத் திறந்தது.

டக். டக். டக். மேல்செட்டு மட்டும் ஒவ்வொரு படியாக இறங்கிப் போயிற்று. கடைசிப் படியில் வேறு மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் என்னவென்று பல்செட்டம்மாவுக்குக் கண்ணை மூடிக்கொண்டே தெரியும்.

கீழே போய் எடுத்தாள். சரிபாதியாக, முன்பற்களின் நடுவே இரண்டாக. நல்ல வேளை, ஒரு பல்கூடச் சிதறவில்லை.

மேலே ஏறி வந்தபோது அவளுடைய முகத்தைப் பார்த்துக் கணவரின் சிரிப்பு தானாக நின்றது. குட்டி அவருடைய இடுப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தது.

"இப்பவே" என்றாள் அவள். "இப்பவே யாருக்காவது போன் போடுங்க. எடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"போடறேன். முதல்ல நாடகக்காரர் வர்றதுக்குள்ள நீ இதைப் பாரு. நான் என்ன செய்யணும்?"

அவள் ஒரு கணம் யோசித்தாள். "செருப்பைக் கழட்டிட்டு உள்ள வாங்க."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் வாசலில் நின்றுதான் அந்த அறையைப் பார்த்திருக்கிறார். இப்போது கையைச் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு, ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிறவர் மாதிரி நுழைந்தார்.

உடைந்த இரண்டு பாதியையும் அவள் முதலில் கிருமிநாசினியில் ஊறப்போட்டாள். பிறகு துடைத்து, ஒட்டிப் பார்த்து, "அசையாமப் பிடிங்க. மூச்சுகூட மெதுவா விடுங்க" என்றாள். அவர் பிடித்தார். தினமும் அண்டா தூக்குகிற கை, ஆடவில்லை. உடைப்பின் மேல் அவள் சூடான மெழுகைச் சொட்டினாள். மெழுகு இறுகியதும் உட்பக்கத்தில் பிளாஸ்டரை ஊற்றினாள். இனி அது இறுகும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

காத்திருந்த நேரத்தில் அவர் மெதுவாக ஆரம்பித்தார்.

"அந்த ரூம்காரர் நாயெல்லாம் விடமாட்டாராமே."

"யார் சொன்னா?"

"பாப்பாதான். நேத்தே போன் பண்ணிக் கேட்டிருக்கா. நாய் இருந்தா ரூம் கிடையாதுன்னுட்டாராம்."

அவளுடைய கை நின்றது. மனசுக்குள் கணக்கு வேகமாக ஓடியது. நாய் இருந்தால் ரூம் கிடையாது. அப்படியென்றால் நாய் இருக்கும்வரை...

கணவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நீ நினைக்கிறது நடக்காது."

"நான் என்ன நினைச்சேன்?"

"நாயை வெச்சுப் பிள்ளையை நிறுத்தலாம்னு. நிக்க மாட்டா. இந்த ரூம் இல்லைன்னா வேற ரூம் பார்ப்பா. இல்ல, நாயை நம்மகிட்ட விட்டுட்டுப் போவா. எப்படிப் பார்த்தாலும் போவா. நம்ம கோபிச்சுக்கிட்டாலும் போவா, கொஞ்சினாலும் போவா. என்ன, கொஞ்சினா வாரத்துக்கு ரெண்டு தடவை வருவா."

உப்பில்லாத மனிதர் என்று அவரை அவள் பல தடவை கேலி செய்திருக்கிறாள். இப்போது அவர் பேச்சில் உப்பு சரியாகவே இருந்தது. பிளாஸ்டரை விரலால் தொட்டுப் பார்த்தாள். இறுகியிருந்தது.

உடைந்த ஓரங்களை இருபுறமும் ராவி, புதுசாகக் கலந்த ஈறு நிறத்து மாவைத் தூரிகையால் வைத்து நிரப்பினாள். வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து மூடினாள். அது கெட்டிப்பட்டதும் மறுபடியும் மோட்டார் முன்னால் உட்கார்ந்தாள்.

மோட்டார் உறுமியது. வாசலிலிருந்து குட்டி எட்டிப் பார்த்தது. 'வா' என்று யாரும் சொல்லவில்லை. அது பாட்டுக்கு வந்தது, மேசைக்கு அடியில் நுழைந்தது, அவளுடைய இடது பாதத்தின் மேல் தாடையை வைத்துக்கொண்டது. கொஞ்ச நேரத்தில் பாதம் சூடாயிற்று. பிறகு கனத்தது.

அவளுக்குக் கால் மரத்துப்போனது. மேசையின் அந்தப் பக்கம் இருந்த மினுக்குத் தூளை எடுக்க வேண்டும். எழுந்தால் குட்டி விழித்துக்கொள்ளும்.

"ஏங்க, அந்த டப்பாவைக் கொஞ்சம் எடுத்துக் குடுங்க" என்றாள் தாழ்ந்த குரலில்.

"நீயே எட்டி..." என்று ஆரம்பித்தவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். டப்பாவை எடுத்துக் கொடுத்தார். போனை எடுத்து யாரையும் கூப்பிடவும் இல்லை. அவளும் கேட்கவில்லை.

மேடை நடிகர் வந்தபோது தோளில் நீதிபதியின் கறுப்பு அங்கி தொங்கிக்கொண்டிருந்தது. வாசலிலேயே நின்று, கன்னம் உள்ளே போய் வெளியே வர, "ஆச்சாம்மா?" என்று கேட்டார். பாதி எழுத்து காற்றில் போயிற்று.

கூடத்து நாற்காலியில் அவரை உட்கார வைத்தாள். கிண்ணத்தை நீட்டும் முன்னால் நின்றாள். ஒட்டு தெரியாமல்தான் வேலை முடிந்திருந்தது. சொல்லாவிட்டால் அவருக்குத் தெரியப்போவதே இல்லை. ஆனால் ஒருவர் வாய்க்குள் போகிற விஷயம்.

"ஐயா, ஒண்ணு சொல்லணும். உங்க மேல்செட்டை இன்னிக்கு ஒரு நாய் கவ்விட்டு ஓடிடுச்சு. படியில விழுந்து உடைஞ்சது. சுத்தம் பண்ணி, ஒட்டி, முன்னைவிட கெட்டியாத்தான் இருக்கு. ஆனா உங்களுக்கு மனசு ஒப்பலைன்னா சொல்லுங்க. புதுசா செஞ்சு தர்றேன். என்ன, இன்னிக்கு சாயங்காலத்துக்கு ஆகாது."

நடிகர் அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு சமையலறை வாசலில் கணவரின் காலடியில் உட்கார்ந்திருந்த குட்டியைப் பார்த்தார். கீழ்செட்டைப் போட்டார். மேல்செட்டைப் போட்டு, உதட்டை ஒருமுறை மூடித் திறந்தார். குழிந்த கன்னம் நிமிர்ந்தது. எழுந்து அங்கியை உதறிப் போட்டுக்கொண்டு, சுவரே அதிரும்படி முழங்கினார்:

"சட்டம் சொன்னதைச் சபை சம்மதிக்கிறது! சாட்சி செல்லலாம்!"

ஒரு 'ச' கூட வழுக்கவில்லை. குட்டி பயந்துபோய் ஒரு தரம் குரைத்தது. இந்த வீட்டுக்கு வந்தபிறகு அதன் முதல் குரைப்பு.

"அடடே! அப்பீல் பண்றான்யா!" நடிகர் வயிறு குலுங்கச் சிரித்தார். "எத்தனையோ வருஷமா மேடையில நிக்கிறேன். என் பல்லை ஒருத்தன் ஆசைப்பட்டுத் தூக்கிட்டு ஓடறது இதான் முதல் தடவை. யார் வீட்டு நாய்?"

"யார் வீட்டு நாயும் இல்லை. பொண்ணு டிப்போவிலேர்ந்து தூக்கிட்டு வந்தா. யாருக்காவது குடுக்கணும்னு..."

"யாருக்காவதா? எனக்குக் குடுங்க." நடிகர் குனிந்து உட்கார்ந்துவிட்டார். "வீட்ல நான் ஒருத்தன்தான். பின்னால தோட்டம் இருக்கு. ஒத்திகைக்குக் கூட்டிட்டுப் போவேன். ராஜா மாதிரி வெச்சுக்குவேன்."

நல்லவர். தோட்டம். துணைக்கு ஆள் வேண்டும் என்கிறார். காலையில் அவள் வாயால் கேட்டது அப்படியே கூடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. கணவர் சமையலறை வாசலில் நின்று மேற்கூரையைப் பார்த்தார்.

"ராத்திரி பூரா அழும் ஐயா" என்றாள் அவள்.

"எனக்கும் தூக்கம் வராது. பேச்சுத்துணை ஆச்சு."

"எங்க வேணும்னாலும் ஈரம் பண்ணும்."

"துடைச்சுக்கலாம்."

"கடிக்கும். பார்த்தீங்கல்ல, உங்க பல்லையே..."

"அதான் மன்னிச்சாச்சே."

"அப்புறம்... அதுக்கு மோட்டார் ஓடணும். மோட்டார் சத்தம் இல்லைன்னா தூங்காது. உங்க வீட்ல மோட்டார் இருக்கா?"

"மோட்டாரா? மிக்ஸி இருக்கு."

"மிக்ஸி பத்தாது." அவளுக்கே தன் குரல் வேடிக்கையாக இருந்தது. "அது வேற சத்தம்."

நடிகர் எழுந்து நின்றார். ஒப்பனை இல்லாத முகத்தில் மெல்ல ஒரு புன்னகை வந்தது. புதுப் பற்கள் அழகாக உட்கார்ந்திருந்தன.

"அம்மா, குடுக்க மனசில்லைன்னு முதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

அவளுக்கு முகம் சிவந்துபோயிற்று. "மனசில்லைங்க ஐயா" என்றாள். "குடுக்க மாட்டேன்."

சொன்னபிறகுதான் அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. இதில் பாப்பாவுக்காக என்று எதுவும் இல்லை. பாப்பா இருந்தாலும் போனாலும், நாளைக்கு மோட்டாரைப் போடும்போது அந்தத் தாடை பாதத்தின் மேல் வேண்டும். அவ்வளவுதான்.

நடிகர் கும்பிட்டுவிட்டு, அங்கி பறக்க, படியிறங்கிப் போனார். கீழே தெருவில் போகிறபோதுகூட 'சட்டம் சொன்னதை' என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போவது கேட்டது.

"பால் காய்ச்சட்டுமா?" என்றார் கணவர்.

"அதுக்கு முதல்ல. கொஞ்சம் தண்ணி கலந்து."

"அதுக்கு ஆஸ்பத்திரியிலேர்ந்து கோழி கொண்டுவந்திருக்கேன். வேகவெச்சது. உப்பில்லாம."

"நான் குடுக்க மாட்டேன்னு காலையிலேயே தெரியுமா உங்களுக்கு?"

"நேத்து ராத்திரியே."

அவள் திட்டுவதற்கு வாயைத் திறந்தபோது மறுபடியும் மணி அடித்தது. பாப்பா என்றால் சாவி இருக்கும். கதவைத் திறந்தாள்.

முப்பதை எட்டாத ஒரு பையன் நின்றுகொண்டிருந்தான். நீலச் சட்டை, நகக்கண்ணில் கறுப்பு எண்ணெய். கையில் ஒரு சின்ன மருந்துப் பாட்டில்.

"வணக்கங்கம்மா. நான் டிப்போவில மெக்கானிக். டிரைவர் மேடம் வீடு இதானே? குட்டிக்குப் பூச்சி மருந்து. நேத்து நாய் டாக்டர் குடுத்ததை மேடம் என் பையிலேயே போட்டுட்டாங்க. இன்னிக்குக் குடுத்தாகணும், அதான்."

"நீங்களும் டாக்டர்கிட்ட போயிருந்தீங்களா தம்பி?"

"ஆமாங்க. இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிய எடுத்ததே நாங்க ரெண்டு பேரும்தானே. மேடம் கையை உள்ள விட்டாங்க. நான் டார்ச் அடிச்சேன்."

'நாங்க ரெண்டு பேரும்.' நேற்று ராத்திரி பாப்பா விலாவாரியாகச் சொன்ன கதையில் பஸ் இருந்தது, மழை இருந்தது, கிரீஸ் இருந்தது. டார்ச் அடித்த ஆள் இல்லை.

குட்டி அம்மாவின் கால்களுக்கு நடுவே புகுந்து வெளியே ஓடியது. அவனுடைய ஷூவை முகர்ந்தது. உடனே தொப்பென்று மல்லாந்து வயிற்றைக் காட்டியது. அவன் சிரித்துக்கொண்டே குனிந்தான். எங்கே சொறிந்தால் அதற்குப் பிடிக்கும் என்று தெரிந்த விரல்கள்.

"உள்ள வாங்க தம்பி" என்றாள் அம்மா. "டீ குடிச்சிட்டுப் போலாம்."

"இல்லைங்கம்மா, பரவாயில்லை, நான் அப்படியே..."

"வாங்க."

பாக்கி வைத்த டாக்டர்களிடம்கூட அவள் அந்தக் குரலை எடுப்பதில்லை. அவன் வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கணவர் எதிரே உட்கார்ந்து அவனை நிதானமாகப் பார்த்தார். வேலை எப்படி, எத்தனை பஸ், மழையில் பிரேக் பிடிக்குமா என்று விசாரித்தார். எல்லாவற்றுக்கும் அவன் அடக்கமாகப் பதில் சொன்னான். மகளைப் பற்றிப் பேச்சு வந்தபோதெல்லாம் 'மேடம்', 'அவங்க', 'டிரைவர் மேடம்' என்று ஒரு மரியாதைக்கும் குறைவில்லை.

நல்ல பையன்தான், வேலை செய்கிற இடத்துப் பழக்கம்தான் என்று அம்மா தேநீரை வடிகட்டிக்கொண்டே முடிவு கட்டினாள்.

பூட்டில் சாவி திரும்பியது. பாப்பா வேகமாக வந்தாள், நாய்க்குட்டி எங்கே என்று தேடிய கண்களோடு. குட்டி அவளை நோக்கிப் பாய்ந்தது. அதை வாரி எடுத்து, "அம்மா! குடுக்கலையா? நிஜமாவா?" என்று கூவிக்கொண்டே நிமிர்ந்தவள் நாற்காலியைப் பார்த்தாள்.

அவன் எழுந்து நின்றான்.

"டேய்," என்றாள் பாப்பா, "நீ இங்க என்னடா பண்ற?"

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கூடத்தில் குட்டியின் வால் அவளுடைய ஜாக்கெட்டில் அடிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. மெக்கானிக்கின் காது இரண்டும் சிவந்துபோயின. கணவர் மெதுவாக மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

அம்மா தேநீர்க் கோப்பைகளை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தாள். பிறகு இன்னொரு நாற்காலியை இழுத்து, பையனுடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே போட்டாள்.

"நீயும் உக்காரு பாப்பா" என்றாள். "மருந்தை அப்புறம் குடுத்துக்கலாம்."